கௌபாய் உருவத்தை ஆராய்வது எப்படி?

அகன்ற விளிம்புள்ள தொப்பியும் கழுத்தில் கட்டிய துணியும் அணிந்த ஒருவர் பரந்த வெளியில் குதிரைமேல் தனியாக அமர்ந்திருக்கும் படத்தைக் கண்டவுடன், அவர் சுதந்திரமானவர், துணிவுள்ளவர், யாருக்கும் பணியாதவர் என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் எழுந்துவிடுகிறது. படத்தில் அப்படி எதுவும் எழுதப்பட்டிருக்காது. திரைப்படம், தொலைக்காட்சி, சிகரெட் விளம்பரம், தேர்தல் மேடை, இசைத்தட்டின் அட்டை என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த உருவம் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டதால், அதன் பொருள் பிறவியிலேயே அதற்குள் இருந்ததுபோலத் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தை ஏற்றுக்கொண்டு எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘கௌபாய் சுதந்திரத்தின் சின்னம்’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட கௌபாய் உருவத்தை, அது திரைக்காட்சியாக இருந்தாலும் சுவரொட்டியாக இருந்தாலும், நிதானமாகப் பிரித்துப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு வழிமுறையை இங்கே விளக்குகிறேன்.

இவ்வழிமுறையின் அடிப்படை எளியது. கௌபாய் என்பது முதலில், குதிரைமேல் இருந்து மாடு மேய்க்கும் ஒரு கூலி வேலை. அந்த வேலையிலிருந்து சிலவற்றை நீக்கியதால்தான் சின்னம் உருவானது. ஆகவே, நீக்கப்பட்டவற்றைத் திரும்பக் கொண்டுவந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த நீக்கத்தால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது புலப்படும்.

முதலில் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சின்னத்தைப் பற்றி ஒரு சொல் எழுதுவதற்கு முன், அதற்கு மூலமான தொழிலைப் பற்றிப் போதிய அளவு படித்துவிட வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது, டெக்சாஸில் நீண்ட கொம்புடைய மாடுகள் இலட்சக்கணக்கில் திரிந்தன. அங்கே நான்கு டாலருக்கு விற்ற மாடு வடக்கு நகரங்களில் அதைப்போல் பத்து மடங்கு வரை விலைபோனது. 1867-இல் ஜோசப் மெக்காய் என்ற வணிகர் கன்சாஸ் மாநிலத்தின் அபிலீன் என்ற சிற்றூரில், இரயில் பாதையை ஒட்டி மாட்டுப் பட்டிகளை அமைத்தார். அதன் பிறகு சிஷோம் தடம் வழியாக மந்தைகள் வடக்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்டன. இரண்டாயிரம் முதல் மூவாயிரம் மாடுகள் கொண்ட ஒரு மந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் போதும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 24 கிலோமீட்டர் என்ற வேகத்தில், பயணம் இரண்டு மூன்று மாதங்கள் நீளும். அந்த ஆட்களில் பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். மாதக் கூலி முப்பது நாற்பது டாலர். அவர்கள் ஏறிச் சென்ற குதிரைகள் பண்ணைக்குச் சொந்தமானவை. ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றி ஓட்டுவதற்குப் பல குதிரைகள் ஒதுக்கப்பட்டன. சேணம் மட்டும் பெரும்பாலும் அவரவருடையதாக இருந்தது.

இந்தத் தொழில்நுட்பத்தின் பெரும்பகுதி, வக்கேரோக்கள் எனப்படும் மெக்சிகோவின் மாடு மேய்ப்பவர்களிடமிருந்து வந்தது. சுருக்குக் கயிறு வீசும் முறை, கயிற்றைச் சுற்றிக் கட்டுவதற்கான கொம்புள்ள சேணம், முட்புதர்களிலிருந்து காலைக் காக்கும் தோல் உறை, ஆண்டுதோறும் மாடுகளை ஒன்றுதிரட்டிச் சூடுபோடும் வழக்கம் ஆகியவற்றை ஆங்கிலம் பேசிய குடியேறிகள் அவர்களிடமே கற்றுக்கொண்டனர். தடங்களில் வேலை செய்தவர்களில் மெக்சிகர்களும், அடிமை நிலையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர்களும் கணிசமாக இருந்தனர். டெக்சாஸ் கௌபாய்களில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர் பலர் எடுத்தாளும் மதிப்பீடு.

இந்தக் காலம் மிகக் குறுகியது என்பதையும் மனத்தில் இருத்துங்கள். 1874-இல் இல்லினாய் மாநிலத்தின் டிகால்ப் ஊரைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். திறந்த மேய்ச்சல் வெளிகள் வேலிகளால் அடைபடத் தொடங்கின. இரயில் பாதைகள் தெற்கே நீண்டதால் மாதக்கணக்கில் மந்தையை நடத்திச் செல்லும் தேவை குறைந்தது. 1886–87-இன் கடுங்குளிர்காலம் வட சமவெளிகளில் இலட்சக்கணக்கான மாடுகளைக் கொன்று, கடன் வாங்கிப் பெருகியிருந்த பண்ணைகளைச் சாய்த்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அந்த நெடும்பயணத் தொழில் முடிந்துபோயிற்று. பண்ணை வேலை இன்றும் தொடர்கிறது. சின்னத்துக்கு அடித்தளமான பயணங்கள்தாம் முடிந்தன.

விடுபட்டவை எவை என்று கேளுங்கள்

இப்போது நீங்கள் தேர்ந்தெடுத்த படத்துக்கு வாருங்கள். அதில் என்ன இருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். ‘கம்பீரமாக’, ‘தனிமையில்’ போன்ற அடைகளைத் தவிர்த்து, ஆள், ஆடை, பொருள், விலங்கு, நிலம், வெளிச்சம் ஆகியவற்றை மட்டும் குறியுங்கள். அதன் பிறகு, மேலே கண்ட வேலையில் இருந்து இந்தப் படத்தில் இல்லாதவற்றைத் தேடுங்கள். என் அனுபவத்தில் மிகுந்த பயன் தரும் கேள்வி, மாடுகள் எங்கே என்பதுதான். கௌபாய் படங்கள் என்று நாம் அழைக்கும் திரைப்படங்களில் பெரும்பாலானவற்றின் நாயகர் மாடு மேய்ப்பவரே அல்லர். அவர் ஷெரிஃப் எனப்படும் காவல் அதிகாரியாகவோ, கூலிக்குச் சுடுபவராகவோ, போரிலிருந்து திரும்பிய வீரராகவோ, ஊர் ஊராக அலைபவராகவோ இருப்பார். மாடு போய்விட்டால் அதனுடன் தூசியும் தூக்கமின்மையும் போய்விடும். ஆளுக்கு நிறைய நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தை வீரச் செயல்களால் நிரப்பலாம்.

அடுத்து முதலாளியைத் தேடுங்கள். டெக்சாஸின் வடமேற்கு மூலையில் முப்பது இலட்சம் ஏக்கர் பரப்பில் இருந்த எக்ஸ்ஐடி பண்ணை, ஆஸ்டின் நகரில் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தைக் கட்டித் தந்ததற்கு ஈடாகச் சிகாகோ முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட நிலம். பிரிட்டிஷ் மூலதனமும் அதில் சேர்ந்தது. 1888-இல் அப்பண்ணை வெளியிட்ட விதிகள், பணியாளர்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையும் சூதாடுவதையும் மது அருந்துவதையும் தடை செய்தன. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1883-இல், அதே வட்டாரத்தில் கௌபாய்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பண்ணைகள் மாற்று ஆட்களை அமர்த்தியதால் அது தோற்றது. யாருக்கும் பணியாத மனிதர் என்ற உருவத்துக்குப் பக்கத்தில், விதிப் பட்டியலில் கையொப்பமிட்டு வேலை பார்த்த, கூட்டாகக் கூலி கேட்ட இந்த மனிதர்களை நிறுத்திப் பாருங்கள். தனிமனிதத் துணிவின் சின்னமாக ஒருவரை ஆக்குவதற்கு, அவருடைய கூட்டாளிகளையும் அவருக்குக் கூலி கொடுத்தவரையும் முதலில் காட்சியிலிருந்து அகற்ற வேண்டியிருந்தது.

மூன்றாவதாக, நிலத்தின் முந்தைய உடைமையாளர்களைக் கேளுங்கள். கௌபாய்க்கு எதிராகப் பூர்வகுடியினரை நிறுத்தும் காட்சி நமக்கு மிகவும் பழக்கமானது. ஆனால் சமவெளிகளின் போர்களை நடத்தியது அமெரிக்க இராணுவம். பூர்வகுடியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்த, இன்றைய ஓக்லஹோமாவான ‘இந்தியப் பிரதேசத்தின்’ வழியாக மந்தை ஓட்டியவர்கள், அங்கிருந்த பூர்வகுடி அரசுகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் செலுத்தியோ, சில மாடுகளைக் கொடுத்தோ கடந்து சென்ற நிகழ்வுகள் பல. மேலும், பூர்வகுடியினரிலேயே தேர்ந்த கௌபாய்கள் இருந்தனர். 1916-இல் ஓரிகனின் பெண்டில்டனில் நடந்த ரோடியோ என்ற கௌபாய் விளையாட்டு விழாவின் குதிரையடக்கும் போட்டியில் வென்ற ஜாக்சன் சன்டவுன், நெஸ் பெர்ஸ் இனத்தவர். ஆக, இந்தப் பகை பெரும்பாலும் அரங்கில் அமைக்கப்பட்ட ஒன்று. எந்த அரங்கில் என்பதற்கு அடுத்த பகுதி விடை தரும்.

படத்தின் ஆண்டைக் குறியுங்கள்

ஒரு கௌபாய் உருவத்தின் பொருள் அது காட்டும் காலத்தைவிட அது உருவாக்கப்பட்ட காலத்தையே சார்ந்தது. எனவே இரண்டு ஆண்டுகளைத் தனித்தனியே எழுதி வையுங்கள்: கதை நடக்கும் ஆண்டு, படைப்பு வெளிவந்த ஆண்டு. இரண்டாவதில்தான் உங்கள் ஆராய்ச்சியின் பெரும்பகுதி அமைய வேண்டும்.

தொடக்கத்தில் இந்த உருவத்துக்கு நல்ல பெயர் இல்லை. 1881 டிசம்பரில் குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில், அரிசோனா பிரதேசத்தில் அமைதியைக் குலைக்கும் ஆயுதக் கும்பல்களைக் கௌபாய்கள் என்றே குறிப்பிட்டார். அந்த அவப்பெயரை மாற்றியதில் வில்லியம் கோடி என்ற பஃபலோ பில்லுக்குப் பெரும் பங்கு உண்டு. 1883-இல் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் அவர் தொடங்கிய ‘வைல்ட் வெஸ்ட்’ காட்சிக் குழுவில், பக் டெய்லர் என்ற உண்மையான பண்ணைப் பணியாளர் ‘கௌபாய்களின் அரசர்’ என்ற பட்டத்துடன் அரங்கேறினார். 1887-இல் அவரை நாயகனாக்கிய மலிவுவிலை நாவலும் வந்தது. கௌபாயும் பூர்வகுடி வீரரும் மோதும் காட்சியை ஆயிரக்கணக்கானோர் முன் மீண்டும் மீண்டும் நடத்தி, அதை வரலாறாக நம்பச் செய்ததும் இந்தக் குழுதான். பூர்வகுடித் தலைவர் சிட்டிங் புல் 1885-இல் ஒரு பருவம் அதில் பங்கேற்றார். குறி தவறாத பெண்ணாகப் புகழ்பெற்ற ஆனி ஓக்லி ஒஹாயோவில் பிறந்து வளர்ந்தவர். மேற்கு நிலத்தின் பெண்ணாக அவரை உலகம் ஏற்றுக்கொண்டதே அந்த அரங்கின் ஆற்றலுக்குச் சான்று.

1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடியேற்றம் எட்டாத நிலத்தைப் பிரிக்கும் எல்லைக்கோடு என்று சொல்லத்தக்க ஒன்று இனி இல்லை என்று அறிவித்தது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது நடந்த வரலாற்றாசிரியர் கூட்டத்தில், பிரெடரிக் ஜாக்சன் டர்னர் அமெரிக்கரின் குணத்தை உருவாக்கியது அந்த எல்லை நிலமே என்று வாதிட்டார். அதே ஆண்டில் கண்காட்சி வளாகத்துக்கு வெளியே பஃபலோ பில்லின் குழு கூட்டத்தைக் குவித்துக்கொண்டிருந்தது. நகரங்களும் தொழிற்சாலைகளும் பெருகி, கிழக்குக் கடற்கரையின் படித்த ஆண்கள் தங்கள் உடல்வலிமையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிய காலம் அது. டக்கோட்டாவில் சில காலம் பண்ணை நடத்திய தியோடர் ரூஸ்வெல்ட், ஓவியரும் சிற்பியுமான பிரெடரிக் ரெமிங்டன், 1902-இல் கௌபாயைக் காதல் நாயகனாக்கிய நாவலை எழுதிய ஓவன் விஸ்டர் ஆகிய மூவரும் கிழக்கின் வசதியான குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தொழில் மறைந்த பிறகே சின்னம் எழுந்தது. அதை எழுப்பியவர்கள் அந்தத் தொழிலைச் செய்தவர்கள் அல்லர். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்தால், பின்னால் வரும் எந்தப் பத்தாண்டின் உருவத்தையும் கையாள முடியும்.

ஏனெனில் அதே முறை தொடர்கிறது. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1930-களில், ஜீன் ஆட்ரி போன்ற பாடும் கௌபாய்கள் கடன் கொடுத்தவர்களுக்கும் நேர்மையற்ற வங்கியாளர்களுக்கும் எதிராக நின்றனர். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் மாலை நேரத்தை ‘வெஸ்டர்ன்’ எனப்படும் கௌபாய்க் கதைத் தொடர்கள் நிரப்பின. அவற்றில் ‘கன்ஸ்மோக்’ 1955 முதல் 1975 வரை ஓடியது. வியட்நாம் போருக்குப் பிறகு நாயகனுக்கும் வில்லனுக்கும் இடையிலான கோடு மங்கியது. ஒவ்வொரு முறையும் எந்த அச்சத்துக்கு இந்த உருவம் விடையாக நிறுத்தப்பட்டது என்று கேளுங்கள்.

உடை, ஆயுதம், நிலம்

வெளித்தோற்றத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஆனால் தவறாக எழுதிவிடக் கூடாது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் ஸ்டெட்சன் 1865-இல் ‘பாஸ் ஆஃப் த பிளெய்ன்ஸ்’ தொப்பியை உருவாக்கினார். அதன் மேற்பகுதி உருண்டையாகவும் விளிம்பு தட்டையாகவும் இருந்தது. இன்று நாம் கௌபாய்த் தொப்பி என்று அடையாளம் காணும் பள்ளங்களும் வளைவுகளும் பின்னர் வந்தவை. பளபளக்கும் கற்கள் பதித்த மேடை உடைகள் முழுக்க முழுக்கப் பொழுதுபோக்குத் துறையின் படைப்பு; அவற்றால் பெயர்பெற்ற தையற்கலைஞர் நூடி கோன், கியேவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். வெள்ளைத் தொப்பி நல்லவருக்கு, கறுப்புத் தொப்பி தீயவருக்கு என்ற வாய்பாட்டையும் அப்படியே ஏற்காதீர்கள். பல தலைமுறைச் சிறுவர்கள் போற்றிய ஹோப்அலாங் கேசிடி கறுப்பு உடையில்தான் வந்தார்.

துப்பாக்கியைக் காணும்போது, அங்கே சட்டம் என்ன சொன்னது என்று தேடுங்கள். டாட்ஜ் சிட்டி உள்ளிட்ட கன்சாஸின் மாட்டுச் சந்தை நகரங்கள், ஊருக்குள் துப்பாக்கி ஏந்துவதைத் தடை செய்திருந்தன. 1881 அக்டோபர் 26-இல் அரிசோனாவின் டூம்ஸ்டோனில் நடந்த, அரை நிமிடம் மட்டுமே நீடித்த புகழ்பெற்ற மோதலின் உடனடிக் காரணங்களில் ஒன்று, ஆயுதங்களை ஒப்படைக்கக் கோரிய நகர விதி. துப்பாக்கி சுதந்திரத்தின் அடையாளமாகக் காட்டப்படும் படத்துக்கு எதிரே இந்தச் செய்தியை வைத்தால், ஆராய்ச்சிக்கு உடனே ஒரு பிடிப்புக் கிடைக்கும்.

நிலத்தைப் பொறுத்தவரை, படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதைக் கட்டாயம் கண்டுபிடியுங்கள். 1903-இல் வெளிவந்து வெஸ்டர்ன் படங்களுக்கு முன்னோடியான ‘த கிரேட் டிரெய்ன் ராபரி’ நியூ ஜெர்சியில் படமாக்கப்பட்டது. இயக்குநர் ஜான் ஃபோர்டு 1939 முதல் பயன்படுத்திய மானுமென்ட் பள்ளத்தாக்கு, அரிசோனா–யூட்டா எல்லையில் நவஹோ பூர்வகுடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. 1956-இல் அவர் எடுத்த ‘த சர்ச்சர்ஸ்’ படத்தின் கதை டெக்சாஸில் நடப்பதாகச் சொல்லப்பட்டாலும், திரையில் நாம் காண்பது அந்தச் செம்பாறைத் தூண்களைத்தான். 1964-இல் தொடங்கிப் புகழ்பெற்ற செர்ஜியோ லியோனியின் இத்தாலியப் படங்களுக்கு ஸ்பெயினின் அல்மேரியா வட்டாரம் மேற்கு நிலமாயிற்று. வெறிச்சோடிய தெருவில் காற்றில் உருண்டோடும் உலர்ந்த செடியும் அமெரிக்க மண்ணுக்குரியதன்று. ரஷ்யாவிலிருந்து வந்த ஆளிவிதையோடு கலந்து 1870-களில் தெற்கு டக்கோட்டாவில் நுழைந்த களை அது. நிலத்தின் ‘தொன்மை’ எந்த அளவுக்குத் தேர்ந்தெடுத்து அமைக்கப்படுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை.

ஒரு விளம்பரத்தை எடுத்து முயல்வோம்

வழிமுறை நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதற்கு, மார்ல்பரோ சிகரெட் விளம்பரத்தை எடுத்துக்கொள்ளலாம். 1920-களில் பிலிப் மாரிஸ் நிறுவனம் இந்தச் சிகரெட்டைப் பெண்களுக்கு உரியதாக விற்றது. 1950-இல் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் முக்கியமான ஆய்வுகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளிவந்தன. அச்சம் பரவியதால், வடிப்பான் பொருத்திய சிகரெட்டுகளின் பக்கம் நிறுவனங்கள் திரும்பின. ஆனால் வடிப்பான் பெண்களுக்குரியது என்று ஆண்கள் தயங்கினர். அந்தத் தயக்கத்தைப் போக்கும் பொறுப்பு, சிகாகோவின் லியோ பர்னெட் விளம்பர நிறுவனத்திடம் வந்தது. 1950-களின் நடுவில் தொடங்கிய அதன் விளம்பரங்களில் கௌபாயுடன் வேறு தொழில் ஆண்களும், கையில் பச்சை குத்தியவர்களாகத் தோன்றினர். 1960-களின் தொடக்கத்தில்தான் மற்றவர்கள் விலகி, கௌபாய் மட்டும் நிலைத்தார்.

இப்போது விடுபட்டவற்றைத் தேடுங்கள். இங்கே முதல் கேள்விக்கு எதிர்பாராத விடை கிடைக்கும், ஏனெனில் இந்த விளம்பரங்கள் பலவற்றில் மந்தை இருக்கிறது. குதிரைகள் பனியில் ஓடுகின்றன, கயிறு சுழல்கிறது, சில சமயம் கூட்டாளிகளும் தெரிகின்றனர். வேலை மறைக்கப்படவில்லை. மறைக்கப்பட்டிருப்பது அந்த வேலையை ஏவியவரும் அதற்கான கூலியும் ஆகும். உழைப்பின் முடிவில் சம்பளம் வருவதில்லை, சிகரெட் வருகிறது. மேற்பார்வையாளரின் கண்ணுக்குக் கீழே அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ நாளைக் கழிக்கும் ஒருவருக்கு, மேற்பார்வையாளர் இல்லாத உழைப்பைக் காட்டுவது எவ்வளவு இனிய கனவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அத்துடன் மூச்சும் இங்கே முக்கியம். நுரையீரலைப் பற்றிய அச்சம் நாட்டில் பரவியிருந்த நேரத்தில், அளவற்ற தூய காற்று வீசும் வெளியில் அந்தப் புகை எழுகிறது. அச்சத்துக்கு எதிராக ஒரு வாதத்தைக்கூட விளம்பரம் முன்வைக்கவில்லை; காற்றைக் காட்டியது, அவ்வளவே.

அடுத்த கட்டமாக, அந்த உருவம் எந்த அளவு தன்னிறைவு பெற்றது என்று பாருங்கள். 1971 ஜனவரி முதல் அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது. பல வணிகப்பெயர்களுக்கு இது பேரிடியாக இருந்தபோது, இந்த உருவத்துக்கு ஒலியும் வசனமும் தேவைப்படவில்லை. சாலையோரப் பலகையும் பத்திரிகையின் பக்கமும் போதுமானவையாக இருந்தன. 1980 முதல் ரிச்சர்ட் பிரின்ஸ் என்ற கலைஞர் இந்த விளம்பரங்களையே மறுபடியும் ஒளிப்படம் எடுத்து, எழுத்துகளை நீக்கிக் காட்சிக்கு வைத்தார். அவற்றில் ஒன்று 2005-இல் பத்து இலட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. எழுத்தை நீக்கியும் படத்தின் பொருள் குலையவில்லை என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. இந்த விளம்பரங்களில் நடித்தவர்கள் சிலர் புகைபிடித்தலால் வந்த நோய்களில் இறந்தனர் என்பதையும், அவர்களில் ஒருவர் தம் இறுதி நாள்களில் புகையிலைக்கு எதிராகப் பிரசாரம் செய்தார் என்பதையும் உங்கள் கட்டுரையில் சேருங்கள். அந்தச் செய்தியைக் கடைசியில் உணர்ச்சிக்காகச் சேர்க்காமல், ‘உடல் எங்கே விடுபட்டது’ என்ற கேள்விக்கு விடையாக வையுங்கள்.

ஒரே உருவம், எதிரெதிர்ப் பொருள்கள்

ஓர் உருவத்துக்கு ஒரே பொருள்தான் என்று முடிவு செய்வதே இந்தத் துறையில் மிகுதியாகக் காணப்படும் பிழை. அதைத் தவிர்க்க, ஒரே உருவத்தை வெவ்வேறு தரப்பினர் எடுத்தாண்ட வரலாற்றைத் தேடுங்கள். 1952-இல் வெளிவந்த ‘ஹை நூன்’ இதற்குச் சிறந்த பாடம். பழிவாங்க வரும் கும்பலை எதிர்கொள்ள ஊர்மக்களிடம் உதவி கேட்கும் மார்ஷலை, அதாவது ஊரின் காவல் அதிகாரியை, எல்லோரும் கைவிடுகின்றனர். அவர் ஏறத்தாழத் தனியாக நின்று வென்று, பதவிச் சின்னமான நட்சத்திரத்தை மண்ணில் எறிந்துவிட்டுப் போகிறார். திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மன், 1951-இல் கம்யூனிஸ்ட்களைத் தேடிய நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, தோழர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்து, தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டுப் பிரிட்டனுக்குச் சென்றவர். அவருடைய நோக்கில் கோழைத்தனமான ஊர் என்பது ஹாலிவுட். வெஸ்டர்ன் பட நடிகர் ஜான் வெய்ன் இதை அமெரிக்கப் பண்புக்கு எதிரான படம் என்று கண்டித்தார். ஷெரிஃப் என்பவர் ஊராரிடம் கெஞ்சக் கூடாது என்ற கருத்துடன் ஹவார்டு ஹாக்ஸ் அவரையே நாயகனாக்கி 1959-இல் ‘ரியோ பிராவோ’வை எடுத்தார். ஆனால் குடியரசுத் தலைவர் ஐசனோவர் ‘ஹை நூன்’ படத்தை விரும்பிப் பார்த்தவர்.

1989 ஜூன் 4-இல் போலந்தில் பகுதியளவு சுதந்திரமான தேர்தல் நடந்தபோது, தோமாஷ் சர்னெட்ஸ்கி என்ற இளம் வடிவமைப்பாளர் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த தொழிற்சங்க இயக்கமான சாலிடாரிட்டிக்கு ஒரு சுவரொட்டி செய்தார். அதில் ‘ஹை நூன்’ நாயகர் கேரி கூப்பர் அந்த மார்ஷல் வேடத்தில் நடந்து வருகிறார். அவர் கையில் துப்பாக்கிக்குப் பதிலாக வாக்குச்சீட்டு இருக்கிறது. மார்பில் நட்சத்திரத்துக்கு மேலே சாலிடாரிட்டியின் சின்னம் குத்தப்பட்டிருக்கிறது. நம் வழிமுறையை இங்கே திருப்பிப் பயன்படுத்துங்கள்: இந்தச் சுவரொட்டி எதை நீக்கியது? தனியாக நின்ற மனிதரின் துப்பாக்கியை நீக்கி, தனியாக எவரும் பயன்படுத்த முடியாத ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறது. ஊரால் கைவிடப்பட்டவரின் படம், ஊரைச் சேர்ந்து வரச் சொல்லும் அழைப்பாக மாறியது. கம்யூனிஸ்ட் என்று குற்றம் சாட்டப்பட்டவர் எழுதிய கதையின் நாயகர் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராக எழுந்து நின்றார். இந்த உருவம் எந்தக் கொள்கைக்கும் நிரந்தரச் சொந்தமன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் கண்டதில்லை.

அரசியல்வாதிகளின் கௌபாய்ப் பேச்சுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். 1972 நவம்பரில் இத்தாலியப் பத்திரிகையாளர் ஒரியானா ஃபலாச்சிக்கு அளித்த பேட்டியில், அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர் தம் செல்வாக்குக்குக் காரணமாக, வண்டித்தொடருக்கு முன்னால் தனியாகக் குதிரையில் செல்லும் கௌபாயைச் சுட்டிக்காட்டினார். மாடும் இல்லை, கூலியும் இல்லை. குடியேறிகளின் வண்டித்தொடரை நடத்துவது கௌபாயின் தொழிலும் அன்று. குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகன் வெஸ்டர்ன் படங்களில் நடித்தவர். கலிஃபோர்னியாவில் பண்ணை வைத்திருந்தவர். அவருடைய ஆதரவாளர்கள் உறுதி என்று படித்த அதே தொப்பியை, ஐரோப்பிய எதிர்ப்பாளர்கள் பொறுப்பின்மை என்று படித்தனர்.

தொப்பியை யார் அணியலாம் என்ற கேள்வி

இந்தச் சின்னத்திலிருந்து நீக்கப்பட்டவர்கள் திரும்பி வந்து அதைக் கேட்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் உங்கள் ஆராய்ச்சியில் சேருங்கள். காளையைக் குதிரையிலிருந்து பாய்ந்து கொம்பைப் பிடித்து வீழ்த்தும் ரோடியோ ஆட்டத்தைப் புகழ்பெறச் செய்த பில் பிக்கெட், டெக்சாஸில் பிறந்த கறுப்பினக் கௌபாய்; 1932-இல் இறந்த அவருக்கு, ஓக்லஹோமா நகரின் தேசிய ரோடியோ புகழரங்கில் இடம் கிடைக்க 1970-கள் வர வேண்டியிருந்தது. 2019-இல் கறுப்பினப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் பாடிய ‘ஓல்டு டவுன் ரோடு’, அமெரிக்க இசை இதழான பில்போர்டின், ‘கன்ட்ரி’ எனப்படும் நாட்டுப்புற இசைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நாட்டுப்புற இசையின் கூறுகள் போதவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பொதுப் பட்டியலில் அதே பாடல் 19 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 2024 மார்ச்சில் கறுப்பினப் பாடகி பியோன்சே வெளியிட்ட ‘கௌபாய் கார்ட்டர்’ தொகுப்பு, அடுத்த ஆண்டு கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கும் சிறந்த நாட்டுப்புற இசைத் தொகுப்புக்கும் உரிய விருதுகளைப் பெற்றது. இவற்றைப் பற்றி எழுதும்போது, ‘புதியவர்கள் பழைய சின்னத்தைக் கைப்பற்றினர்’ என்று எழுதிவிடாதீர்கள். வேலையின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அவர்கள் புதியவர்கள் அல்லர்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

வரலாற்றுச் செய்திகள் கையில் சேர்ந்தவுடன், ‘உண்மையான கௌபாய் அப்படி இருக்கவில்லை’ என்று நிறுவிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாக ஒரு மயக்கம் ஏற்படும். அது பாதி வேலையே. பொய் என்று காட்டப்பட்ட பின்னும் உருவம் ஏன் மக்களை ஈர்க்கிறது என்பதே கடினமான கேள்வி. அதற்கு அவ்வுருவத்தின் மீது மரியாதை வைத்துத்தான் விடை தேட முடியும். சமூகம் கைவிட்டாலும் தன் சொல்லைக் காப்பவர் ஒருவர் வேண்டும் என்ற ஏக்கம் கேலிக்குரியதன்று. அந்த ஏக்கத்தை யார், எந்தப் பொருளை விற்கப் பயன்படுத்தினார் என்பதைத்தான் நீங்கள் கண்டிப்புடன் கேட்க வேண்டும்.

கட்டுரையின் வரிசையை இப்படி வைத்துக்கொண்டால் வாசகர் உங்களோடு வருவார்: படத்தின் விவரணை, அது வெளிவந்த ஆண்டும் உருவாக்கியவரும், அதில் விடுபட்டவை, அந்த விடுபாட்டால் பயனடைந்தவர், அதே உருவத்தை வேறொருவர் மாற்றிப் பயன்படுத்திய ஓர் எடுத்துக்காட்டு. இவற்றுள் மூன்றாவது பகுதிக்கே அதிக இடம் கொடுங்கள். முதல் பகுதி மிகச் சுருக்கமாக இருந்தாலும், அதைத் தவிர்த்துவிட வேண்டாம்.

ஒப்பிடுவதற்கு உண்மையான பணியாளர்களின் ஒளிப்படம் ஒன்றாவது உங்கள் மேசைமேல் இருக்கட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சாஸ் பண்ணைகளில் எர்வின் ஸ்மித் எடுத்த ஒளிப்படங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. அவை ஃபோர்ட் வொர்த் நகரின் ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் அவரும் கௌபாய் வாழ்வை நேசித்து, அது மறைந்துவிடுமே என்ற கவலையோடு காட்சிகளைத் தேர்ந்தவர் என்பதால், அவருடைய படங்களையும் இதே கேள்விகளுக்கு உட்படுத்துங்கள்: மாடுகள் எங்கே நிற்கின்றன, உடன் இருப்பவர்கள் யார், சூடு குறி எந்தப் பண்ணையுடையது, அந்தப் பண்ணையின் உரிமையாளர் அப்போது எந்த நகரத்தில் இருந்தார்.